இன்டரப்ட் வரவில்லை, வந்து கொட்டுகிறது, வந்தும் வேலை நடக்கவில்லை: லினக்ஸ் டிரைவரில் எங்கே தேடுவது

"இன்டரப்ட் வேலை செய்யவில்லை" என்று யாராவது வந்தால் நான் அவர்கள் கோடைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. (இன்டரப்ட் என்பது சாதனம் சிபியுவை அழைக்கும் மணி, அந்த மணிக்கு ஓடி வரும் டிரைவர் ஃபங்ஷன்தான் ஹேண்ட்லர்.) எந்த இன்டரப்ட் எத்தனை முறை வந்தது என்று கெர்னல் கணக்கு காட்டும் /ப்ராக்/இன்டரப்ட்ஸ் கோப்பை ஒரு முறை படியுங்கள், சாதனத்தை ஏதாவது செய்ய வையுங்கள் (ஒரு பாக்கெட் அனுப்புங்கள், திரையைத் தொடுங்கள், எதுவானாலும் சரி), பிறகு இன்னொரு முறை படியுங்கள் என்பேன். எண் ஏறவில்லை என்றால் உங்கள் ஹேண்ட்லரில் ஒரு வரிகூட இன்னும் ஓடவில்லை, அங்கே உட்கார்ந்து பிழை தேடுவது வெட்டி வேலை. ஏறினால் வயரும் ரூட்டிங்கும் கன்ட்ரோலரும் (இன்டரப்டை வாங்கிச் சிபியுவுக்கு அனுப்பும் சிப்) அநேகமாகச் சரி, தப்பு உங்கள் பக்கம். அதனால் கீழே எல்லாவற்றையும் அந்த எண் என்ன செய்கிறது என்பதை வைத்தே பிரித்திருக்கிறேன்.

ஒரு வரி இப்படி இருக்கும்:

16:  48211  0  0  37  ஐஓ-ஏபிஐசி  16-ஃபாஸ்ட்இஓஐ  ஐ801_எஸ்எம்பஸ், என்_கார்டு

முதலில் இருப்பது கெர்னல் வைத்த எண். அடுத்த நான்கும் நான்கு கோர்களில் எத்தனை முறை வந்தது என்ற கணக்கு. அப்புறம் கன்ட்ரோலரின் பெயர், அந்தக் கன்ட்ரோலருக்குள் இது எத்தனையாவது கால் (பின்), கடைசியில் பதிவு செய்துகொண்ட டிரைவர்கள். கடைசியில் இரண்டு பெயர் கமா போட்டு இருக்கிறது பாருங்கள், அங்கேதான் ஏமாறுவோம்: கணக்கு அந்த லைனுக்கானது, உங்கள் சாதனத்துக்கானது இல்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்த அழைப்பை என் கார்டுக்கு வந்ததாக நினைத்து ஒரு சாயங்காலம் முழுக்கத் தொலைத்திருக்கிறேன். பகிர்ந்த லைன் என்றால் உங்கள் ஹேண்ட்லருக்குள் சொந்தமாக ஒரு கவுன்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் பகிர வேண்டும் என்று கேட்டால், 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் இருந்தது ஒரே ஒரு 8259 கன்ட்ரோலர் சிப், எட்டு லைன். 1984-இல் ஏடி வந்தபோது இரண்டைக் கோத்துப் பதினைந்து ஆக்கினார்கள். பிறகு வந்த பிசிஐ (கார்டுகளைச் செருகும் பஸ்) ஒரு சாதனத்துக்கு நான்கு பின் வரை கொடுத்தது, லெவல் முறையில் (கவனிக்கும்வரை லைனைப் பிடித்தே வைத்திருப்பது) அவற்றைப் பலர் பகிரலாம் என்றும் சொன்னது. இன்று எம்எஸ்ஐ (வயர் இல்லாமல், ஒரு முகவரிக்கு எழுதி அனுப்பும் இன்டரப்ட்) வந்த பிறகும் பழைய பின்களின் குடைச்சல் முழுதாகப் போகவில்லை.

கோப்பில் என் டிரைவர் பெயரே இல்லை

அப்படியானால் இன்டரப்டைப் பதிவு செய்யும் ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூ தோற்றிருக்கிறது, அல்லது அதுவரை டிரைவர் போகவே இல்லை. திரும்பி வந்த எண்ணை அச்சடியுங்கள். பலர் "ஐஆர்க்யூ கிடைக்கவில்லை" என்று மட்டும் அச்சடித்துவிட்டு எண்ணைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள், அந்த எண்ணில்தான் எல்லாமே இருக்கிறது.

-16 வந்தால் அந்த லைனை வேறொருவர் ஏற்கெனவே வைத்திருக்கிறார், உங்கள் நிபந்தனையும் அவர் நிபந்தனையும் ஒத்துப்போகவில்லை. கெர்னல் லாக்கில் "ஃப்ளாக்ஸ் மிஸ்மேட்ச்" என்று ஒரு வரி இருக்கும், அதில் 00000000 ஒரு பக்கமும் 00000080 இன்னொரு பக்கமும் இருந்தால் கதை தெளிவு. 80 என்பது பகிர்வுக்கான கொடி, அவர் பகிரத் தயார், நீங்கள் தயாரில்லை. முதலில் அச்சாவது புதிதாக வந்தவருடையது, அதாவது நீங்கள். பகிர்வுக் கொடியை இருவரும் போட்டிருக்க வேண்டும், அது போதாதென்று ட்ரிகர் வகையும் (லெவலா எட்ஜா என்பது) ஒன்ஷாட் கொடியும்கூடப் பொருந்த வேண்டும், இரண்டும் கீழே வரும்.

-22 வந்தால் இரண்டு பழைய நண்பர்கள். பகிர்வுக் கொடி போட்டுவிட்டு கடைசி வாதமான டெவ்_ஐடியை வெறுமையாக விட்டிருப்பீர்கள். அது இல்லாவிட்டால் பின்னால் லைனை விடுவிக்கும்போது யாரை எடுப்பது என்று கெர்னலுக்குத் தெரியாது. இல்லையென்றால் த்ரெட்டட் முறையில் (மெதுவான வேலையைத் தனி த்ரெட்டில் ஓடவிடுவது) முதல் ஹேண்ட்லரை வெறுமையாக விட்டு, ஒன்ஷாட் கொடியைப் போட மறந்திருப்பீர்கள். இது ஏன் தப்பு என்று கீழே வருகிறது.

-517 பிழையே இல்லை. உங்கள் இன்டரப்ட் கன்ட்ரோலரின் டிரைவர் இன்னும் எழுந்திருக்கவில்லை, பிறகு வா என்கிறது கெர்னல். அந்த எண்ணை அப்படியே மேலே திருப்பி அனுப்பினால் கெர்னலே மறுபடி கூப்பிடும். அதை -19 ஆகவோ வேறெதாகவோ மாற்றி அனுப்புகிற டிரைவர்கள் சில பூட்டில் ஏறும், சில பூட்டில் ஏறாது. இன்னொன்று: பிளாட்ஃபார்ம்_கெட்_ஐஆர்க்யூ தோற்றால் எதிர்மறை எண் தரும், ஆனால் பழைய ஐஆர்க்யூ_ஆஃப்_பார்ஸ்_அண்ட்_மேப் தோற்றால் 0 தரும். ஒன்றுக்கு எழுதிய சோதனையை இன்னொன்றுக்கு ஒட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

-28 என்பது பிசிஐ_அலாக்_ஐஆர்க்யூ_வெக்டர்ஸ் அழைப்பில் வரும், குறைந்தது இத்தனை வேண்டும் என்று நீங்கள் கேட்ட அளவு கிடைக்கவில்லை என்று பொருள். எம்எஸ்ஐ 32 வரை, அதன் விரிந்த வடிவமான எம்எஸ்ஐ-எக்ஸ் 2048 வரை என்று ஸ்பெக்கில் படித்துவிட்டுக் கேட்கிறோம், ஆனால் எக்ஸ்86-இல் ஒரு கோருக்கு மொத்தமே 256 வெக்டர் (இன்டரப்டை அடையாளம் காட்டும் எண்), அதில் முதல் 32 எக்செப்ஷனுக்குப் போய்விடுகிறது. அதைவிட அடிக்கடி காரணமாவது வேறு: எக்ஸ்86-இல் இன்டரப்ட் ரீமேப்பிங் இயங்காவிட்டால் சாதாரண எம்எஸ்ஐயில் ஒன்றுக்கு மேல் தரமாட்டார்கள். குறைந்தபட்சம் 1 என்று கேளுங்கள், கிடைத்ததை வைத்துக் குடும்பம் நடத்த டிரைவரைப் பழக்குங்கள்.

பெயர் இருக்கிறது, எண் பூஜ்யத்திலேயே நிற்கிறது

பிசிஐ கார்டு என்றால் முதலில் வரிசையைப் பாருங்கள். பிசிஐ_எனேபிள்_டிவைஸ் அழைப்பதற்கு முன்னாலேயே பிடெவ்->ஐஆர்க்யூ மதிப்பை எடுத்து வைத்துக்கொண்டால் அது பயாஸ் எழுதி வைத்த பழைய எண்ணாக இருக்கலாம், உண்மையான ரூட்டிங் எனேபிள் ஆகும்போதுதான் முடிவாகும். நீங்கள் ஒரு கதவில் காத்திருப்பீர்கள், விருந்தாளி வேறு கதவைத் தட்டுவார்.

எம்எஸ்ஐ என்றால் ஒரே ஒரு கேள்வி: பிசிஐ_செட்_மாஸ்டர் அழைத்தீர்களா? எம்எஸ்ஐக்கு வயரே கிடையாது. சாதனம் ஒரு குறிப்பிட்ட முகவரிக்கு (எக்ஸ்86-இல் 0எக்ஸ்FEE என்று தொடங்கும் பகுதி) ஒரு சிறு மதிப்பை எழுதுவதுதான் இன்டரப்ட். பஸ் மாஸ்டர் பிட் அணைந்திருந்தால் சாதனத்துக்கு எதையும் எழுத உரிமை இல்லை, அதனால் இன்டரப்டும் இல்லை. டிஎம்ஏ (சாதனமே நேராக நினைவகத்தைப் படித்து எழுதுவது) பயன்படுத்தாத எளிய கார்டுக்கு டிரைவர் எழுதுகிறவர்கள் "நமக்கெதற்கு பஸ் மாஸ்டர்" என்று விட்டுவிடுவார்கள், பழைய பின் முறையில் எல்லாம் நன்றாக ஓடும், எம்எஸ்ஐக்கு மாறிய அன்று செத்துவிடும். எல்எஸ்பிசிஐ -விவி கொடுத்து கன்ட்ரோல் வரியில் பஸ்மாஸ்டர் பக்கத்தில் பிளஸ் இருக்கிறதா என்று பாருங்கள், பத்து விநாடி வேலை.

ஆர்ம் பலகை என்றால் டிவைஸ் ட்ரீயை (பலகையில் என்ன சாதனம் எங்கே என்று கெர்னலுக்குச் சொல்லும் கோப்பு) திறந்து பாருங்கள். சைலிங்க்ஸின் ஜிங்க்-7000-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் கையேட்டில் இரண்டாவது யுஆர்ட்டின் (சீரியல் போர்ட்) இன்டரப்ட் எண் 82. டிவைஸ் ட்ரீயில் எழுத வேண்டியது <0 50 4>. முதல் 0 அது பகிர்ந்த வகை (கோர்களுக்குப் பொதுவானது) என்பதைச் சொல்கிறது, அந்த வகையின் கணக்கு கன்ட்ரோலரில் 32-இலிருந்துதான் தொடங்கும் என்பதால் 82-இல் 32 போக 50. கடைசி 4, லெவல் ஹை. நேராக 82 என்று எழுதினால் கெர்னல் குறை சொல்லாது, அதையும் ஒரு லைனாக எடுத்துக்கொண்டு 114-ஆம் காலில் காத்திருக்கும், நீங்களும் காத்திருப்பீர்கள். /ப்ராக்/இன்டரப்ட்ஸில் முதலில் வரும் எண்ணை இதோடு ஒப்பிடவே கூடாது, அது கெர்னல் தன் வசதிக்குக் கொடுத்த டோக்கன் எண். கன்ட்ரோலர் பெயருக்கு அடுத்து 82 இருக்கிறதா என்பதுதான் சோதனை. அதே பகிர்ந்த வகையில் லெவல் லோ கேட்டு 8 எழுதினால் கன்ட்ரோலரே மறுத்துவிடும், அது லெவல் ஹையும் ரைசிங் எட்ஜும் மட்டுமே தெரிந்த பிறவி.

இவை எல்லாம் சரியாக இருந்தும் பூஜ்யமா? அப்படியானால் என் டச் ஸ்கிரீன் கதையைக் கேளுங்கள். பலகையை முழுதாக அணைத்துப் போட்டால் தொடுதிரை வேலை செய்யும், ரீபூட் மட்டும் செய்தால் சில நேரம் செய்யாது, அதுவும் வாடிக்கையாளரிடம் மட்டும். எங்கள் மேசையில் ஒருமுறைகூட நடக்கவில்லை. கடைசியில் செத்துப்போன நிலையில் ஒரு பலகை கையில் கிடைத்தது. மல்டிமீட்டரை இன்டரப்ட் காலில் வைத்தேன், 3.3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் அசையாமல் 0. பேனல் தன் பங்குக்கு "என்னிடம் தரவு இருக்கிறது, வந்து எடு" என்று காலைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது, எடுக்கும்வரை விடாது. நாங்களோ ஃபாலிங் எட்ஜ் (கால் கீழே விழும் கணம் மட்டும்) என்று பதிவு செய்திருந்தோம். ரீபூட்டில் பேனலுக்கான மின்சாரம் துண்டிக்கப்படுவதில்லை, பூட் ஆகும் அந்தச் சில விநாடிக்குள் யாராவது திரையைத் தொட்டால் கால் கீழே விழுந்துவிடும், டிரைவர் வருவதற்குள் அந்த எட்ஜ் வந்து போயிருக்கும். ஏற்கெனவே கீழே கிடப்பது மறுபடி எப்படி விழும்? பூட் ஆகும்போது பொறுமை இல்லாமல் திரையைத் தட்டுவது வாடிக்கையாளர் வழக்கம், நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

லெவல் லோ என்று மாற்றி ஒன்ஷாட் போட்டதும் தீர்ந்தது. லெவல் என்பது வாசல் மணியை அழுத்திக்கொண்டே நிற்கும் ஆள், நீங்கள் எப்போது எழுந்தாலும் சத்தம் கேட்கும். எட்ஜ் என்பது ஒரே தடவை அடித்துவிட்டு அமைதியாக நிற்கும் ஆள். சாதனம் காலை இழுத்துப் பிடிக்கிற வகை என்றால் எட்ஜில் பதிவு செய்யாதீர்கள், கன்ட்ரோலருக்கு எட்ஜ் மட்டும்தான் தெரியும் என்றால் பதிவு முடிந்தவுடன் ஒரு முறை நீங்களே சாதனத்தைப் படித்துக் காலி செய்யுங்கள்.

எண் தலைதெறிக்க ஏறுகிறது, பிறகு "நோபடி கேர்ட்"

கெர்னல் லாக்கில் "ஐஆர்க்யூ 16: நோபடி கேர்ட்", அடுத்து "டிஸேபிளிங் ஐஆர்க்யூ #16". கூப்பிட்டது யாரென்று தெரியவில்லை, வீட்டில் யாரும் கண்டுகொள்ளவில்லை, அதனால் மணியின் வயரையே அறுத்துவிட்டேன் என்கிறது கெர்னல்.

பகிர்ந்த லைனில் இன்டரப்ட் வந்தால் பதிவு செய்த ஹேண்ட்லர்கள் எல்லாரையும் கெர்னல் வரிசையாகக் கூப்பிடும். ஒவ்வொருவரும் தன் சாதனத்தின் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைப் படித்துவிட்டு, என்னுடையது என்றால் ஹேண்டில்டு, இல்லையென்றால் நன் என்று பதில் சொல்ல வேண்டும். எல்லாரும் நன் சொன்னால் அது அநாதை இன்டரப்ட். 1,00,000 இன்டரப்டில் 99,900 அநாதையாக இருந்தால் கெர்னல் லைனை மூடிவிடும். மூடிய பிறகு அந்த லைனில் உள்ளவர்களை விநாடிக்குப் பத்து முறை தானாக விசாரித்துப் பார்க்கும், அதனால்தான் அந்த லைனில் அப்பாவியாக உட்கார்ந்திருக்கும் யுஎஸ்பி மவுஸ் விட்டு விட்டு நகரும். மவுஸை மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

அந்தச் செய்திக்குக் கீழே ஹேண்ட்லர்களின் பட்டியல் அச்சாகும். எல்லாரும் அதில் இருப்பவரைச் சந்தேகிக்கிறார்கள், நான் முதலில் தேடுவது அதில் இல்லாதவரை. எல்எஸ்பிசிஐ -விவி கொடுத்து, ஸ்டேட்டஸ் வரியில் ஐஎன்டிஎக்ஸ் பக்கத்தில் பிளஸ் உள்ள சாதனம் எது என்று பாருங்கள். அதற்கு டிரைவரே ஏற்றப்படாமல் இருக்கலாம், ஃபர்ம்வேர் அதன் இன்டரப்டைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கும். கெர்னல் விழுந்த பிறகு கேடம்ப் கெர்னல் (விழுந்ததன் தடயத்தைச் சேமிக்க வரும் இரண்டாவது கெர்னல்) எழும்போது இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் சாதனங்களுக்கு ரீசெட் நடக்காது, பழைய கெர்னலிடம் கத்திக்கொண்டிருந்தது புதிய கெர்னலிடமும் கத்தும். உடனே வாயை மூட வேண்டும் என்றால் செட்பிசிஐ கொண்டு அந்தச் சாதனத்தின் கமாண்ட் ரெஜிஸ்டரில் 10-ஆம் பிட்டை ஏற்றுங்கள் (0எக்ஸ்400), பிசிஐ 2.3-க்குப் பிந்தைய சாதனம் என்றால் பின் இன்டரப்ட் நின்றுவிடும். கத்தல் நின்றால் ஆள் அவர்தான். ஆனால் லைனை கெர்னல் ஏற்கெனவே மூடியிருந்தால் அது தானாகத் திறக்காது, ரீபூட் செய்து பாருங்கள்.

இன்னொரு வகை: 16-இல் கொட்டுகிறது, 19-இல் உங்கள் டிரைவர் பூஜ்யத்தோடு உட்கார்ந்திருக்கிறது. இரண்டு நோய் இல்லை, ஒன்றுதான். ஃபர்ம்வேரின் ரூட்டிங் அட்டவணை 19 என்றது, வயர் போவது 16-க்கு. பயாஸைப் புதுப்பியுங்கள், அல்லது எம்எஸ்ஐக்கு மாறி இந்தச் சனியனையே விட்டு விலகுங்கள்.

இப்போது உங்கள் ஹேண்ட்லரைப் பார்க்கலாம். "நோபடி கேர்ட்" வருகிறதே என்று, எது வந்தாலும் ஹேண்டில்டு என்று திருப்பி அனுப்புகிற ஹேண்ட்லரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். செய்தி போய்விடும், உண்மை. கொட்டுவது நிற்காது, கெர்னலின் காவல் கண் மட்டும் மூடிவிடும், ஒரு கோர் அதிலேயே சுற்றி இயந்திரம் உறையும், லாக்கில் ஒரு தடயமும் இருக்காது. நோஐஆர்க்யூடிபக் பூட் ஆப்ஷனும் இதே ரகம்தான். ஐஆர்க்யூபோல் ஆப்ஷன் பரவாயில்லை, இயந்திரத்தை எழுப்பித் தரவைக் காப்பாற்ற ஒரு நாள் உதவும், அதோடே வாழ்ந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

கொட்டுவது லெவல் லைனில், டிரைவர் த்ரெட்டட் முறையில் என்றால் ஒன்ஷாட் பக்கம் போங்கள். ஐ2சி சாதனத்தை (மெதுவான இரு வயர் பஸ்ஸில் இருப்பது) ஹார்ட் ஹேண்ட்லருக்குள், அதாவது த்ரெட்டுக்கு முன் ஓடும் முதல் ஹேண்ட்லருக்குள், படிக்க முடியாது, தூங்க வேண்டிவரும், "ஷெட்யூலிங் வைல் அட்டாமிக்" என்று கெர்னல் கத்தும். அதனால் படிப்பது த்ரெட்டில். ஆனால் முதல் ஹேண்ட்லர் திரும்பியவுடன் லைன் திறந்துவிட்டால் த்ரெட் போய்ச் சாதனத்தைச் சமாதானப்படுத்துவதற்குள் அதே லெவல் மறுபடி இடிக்கும், மறுபடி, மறுபடி. த்ரெட் முடியும்வரை லைனை மூடி வை என்பதே ஒன்ஷாட். த்ரெட்டட் இன்டரப்ட் 2.6.30 கெர்னலில் வந்தது, ஒன்ஷாட் கொடி அதற்குச் சற்றுப் பிறகு வந்தது.

எண் சரியாக இரண்டு மடங்கு ஏறுகிறது

எனக்கு மிகவும் பிடித்த அறிகுறி. ஆயிரம் நிகழ்வு, இரண்டாயிரம் எண்ணிக்கை. /ப்ராக்/ஐஆர்க்யூ/16/ஸ்புரியஸ் கோப்பில் அன்ஹேண்டில்டு எண்ணும் கிட்டத்தட்ட பாதி வேகத்தில் ஏறும். பாதிதான் என்பதால் "நோபடி கேர்ட்" வராது, யாரும் கவனிக்கமாட்டார்கள், சிபியு மட்டும் வீணாகப் போகும்.

ஹேண்ட்லர் கடைசியாக இன்டரப்டை அழிக்க ஒரு மதிப்பை எழுதிவிட்டுத் திரும்புகிறது. பிசிஐயில் அந்த மதிப்பு உடனே போய்ச் சேராது, வழியில் பிரிட்ஜில் தங்கிப் போகும். சிபியு திரும்பி லைனைத் திறக்கும்போது சாதனம் இன்னும் காலைப் பிடித்தபடி இருக்கும், மறுபடி இன்டரப்ட், போய்ப் பார்த்தால் அதற்குள் அழிந்திருக்கும், நன். அழிக்க எழுதியபின் அதே சாதனத்தின் ஏதாவது ஒரு ரெஜிஸ்டரை ஒருமுறை படியுங்கள், படிப்பு முன்னால் போன மதிப்பைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்த்துவிடும். ஒரே வரி.

நன்றாக ஓடி, சில மணி நேரம் கழித்து நின்றுவிடுகிறது

எம்எஸ்ஐயோ எட்ஜோதான், கிட்டத்தட்ட உறுதி. ஸ்டேட்டஸைப் படித்தீர்கள், பிறகு எல்லா பிட்டையும் ஒன்றாக்கி எழுதி அழித்தீர்கள். படித்ததற்கும் அழித்ததற்கும் நடுவில் ஒரு புதிய பிட் வந்தது, நீங்கள் பார்க்காமலேயே அழித்துவிட்டீர்கள். படித்த பிட்டுகளை மட்டும் திருப்பி எழுதுங்கள், ஸ்டேட்டஸ் பூஜ்யம் ஆகும்வரை சுற்றுங்கள், ஏனென்றால் பல சாதனங்கள் ஒரு பிட் மிச்சம் இருந்தாலும் அடுத்த செய்தியை அனுப்பாது.

எப்போதாவது இயந்திரமே உறைகிறது என்றால் ஹேண்ட்லருக்குள் டிஸேபிள்_ஐஆர்க்யூ அழைக்கிறீர்களா என்று பாருங்கள். அது ஹேண்ட்லர் முடியும்வரை காத்திருக்கும், ஹேண்ட்லர் அது முடியும்வரை காத்திருக்கும். நோசிங்க் என்று முடியும் வடிவம் அதற்காகவே இருக்கிறது.

எல்லாமே ஒரே கோரில்

நெட்வொர்க் கார்டில் ஒரு கோர் 100 சதவீதம், மற்றவை சும்மா. ஐஆர்க்யூபேலன்ஸ் (இன்டரப்டைக் கோர்களுக்குப் பங்கிடும் புரோகிராம்) ஓடுகிறதா பாருங்கள், இல்லையென்றால் எஸ்எம்பி_அஃபினிட்டி_லிஸ்ட் கோப்பில் கோர் எண்ணை எழுதுங்கள். என்விஎம்இ எஸ்எஸ்டி போன்றவற்றில் எழுதினால் பிழை வரும். அந்த வெக்டர்களை கெர்னலே கோர்களுக்குப் பங்கிட்டு வைத்திருக்கிறது, நீங்கள் கைவைக்க விடாது. ஒரே ஒரு க்யூதான் இருக்கிறது என்றால் இன்டரப்டைப் பிரிக்க வழியில்லை.

டிரைவரை இறக்கும்போது கெர்னல் விழுகிறது

டெவ்எம் வகை பதிவு (டிரைவர் போகும்போது கெர்னலே விடுவிப்பது) என்றால் ரிமூவ் ஃபங்ஷன் முடிந்த பிறகுதான் இன்டரப்ட் விடுவிக்கப்படும். ரிமூவுக்குள் நீங்கள் கையால் நினைவகத்தை விடுவித்துவிட்டால், நடுவில் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு இன்டரப்ட் வந்தாலே போதும், உங்கள் ஹேண்ட்லர் செத்த நினைவகத்தைத் தொடும். வரிசை இதுதான்: சாதனத்தின் வாயை மூடு, இன்டரப்டை விடுவி, பிறகு நினைவகம். ஏற்றும்போது தலைகீழ், பதிவு செய்த அடுத்த நொடியே ஹேண்ட்லர் ஓடலாம் என்று நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் தயார் செய்து வைத்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். நம்பிக்கை இல்லையென்றால் கான்ஃபிக்_டிபக்_எஸ்எச்ஐஆர்க்யூ போட்டு கெர்னலைக் கட்டுங்கள். பகிர்ந்த லைனை நீங்கள் விடுவிக்கும்போது அது வேண்டுமென்றே உங்கள் ஹேண்ட்லரை இன்னொரு முறை கூப்பிட்டுப் பார்க்கும், விழுவதானால் வாடிக்கையாளரிடம் விழாமல் உங்கள் மேசையிலேயே விழும்.